கணினிக் கல்வி: நம் பிள்ளைகள் தடுக்கி நிற்கும் இரண்டாவது படி

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் பரப்பில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 22-ஆம் தேதி மத்திய, மாநில அரசுகளுக்கிடையே சென்னையில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. நாடு முழுவதும் இதற்காகத் தேர்வான 7 இடங்களில் தமிழகத்துக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான். ஒவ்வொரு பூங்காவிலும் நேரடியாக 1 லட்சம் பேருக்கும் மறைமுகமாக 2 லட்சம் பேருக்கும் வேலை கிடைக்கும் என்பது மத்திய அரசின் எதிர்பார்ப்பு.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் விவசாயம், இல்லையென்றால் கரிமூட்டம் என்று காலம் தள்ளும் ஊர்கள் ஏராளம். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் பல தலைமுறைகளாகக் கேட்கிறது. நம் சமுதாயத்தவர் கடை, ஜவுளி, சிறு வியாபாரம், வளைகுடா வேலை என்று பிழைப்பைத் தேடிக்கொண்டவர்கள். இப்படிப்பட்ட பகுதிக்கு ஒரு பெரிய தொழில் வருகிறது என்றால், "நம் பிள்ளை என்ன படித்தால் அங்கே தறி ஓட்டும் இடத்தில் மட்டும் அல்லாமல், கணக்கையும் கணினியையும் கையில் வைத்திருக்கும் இடத்திலும் உட்காருவான்?" என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுவது இயல்பு.

இந்தக் கேள்விக்கு இன்று பெரும்பாலான குடும்பங்கள் கண்டுபிடித்திருக்கும் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ். பி.இ. கிடைத்தால் பி.இ., இல்லையென்றால் பி.எஸ்சி., பி.சி.ஏ. பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள் வரை வீட்டில் வேறு பேச்சே இருப்பதில்லை. கட் ஆஃப் என்ன, 3.5 சதவீத இடஒதுக்கீட்டில் எந்தக் கல்லூரி கிடைக்கும், கல்விக் கடனுக்கு டாம்கோவில் யாரைப் பார்ப்பது, ஜமாஅத்தில் உதவி கேட்கலாமா என்று குடும்பமே அலைகிறது. சீட் கிடைத்து, முதல் ஆண்டுக் கட்டணமும் கட்டியாயிற்று என்றதும் அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஆனால் கணினிக் கல்வியில் உண்மையான சல்லடை நுழைவாயிலில் இல்லை. அது இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற பாடத்தில் இருக்கிறது. நம் பணமும் கவலையும் துஆவும் முதல் படியிலேயே செலவாகிவிடுகின்றன. பிள்ளை தடுக்கி நிற்கும் இரண்டாவது படியில் யாரும் இல்லை. இதைப் பெற்றோர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாவது பாடம் என்றால் என்ன?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரில் பைத்தான் மொழியில் நிரல் எழுதும் பாடம். எந்தப் பொறியியல் பிரிவில் சேர்ந்தாலும் அது உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு இரண்டாம் செமஸ்டரில் சி மொழி. மூன்றாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அதாவது தரவுக் கட்டமைப்புகள். கலை அறிவியல் கல்லூரிகளின் பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்புகளிலும் பெயரும் செமஸ்டரும் சற்று மாறலாமே தவிர வரிசை ஏறக்குறைய இதுதான். முதலில் ஒரு மொழி, பிறகு தரவுக் கட்டமைப்பு.

இந்த வரிசை நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் கணினியியல் சங்கம் 1970-களின் இறுதியில் வகுத்த 'பாடத்திட்டம் 78' என்ற பரிந்துரையில்தான் முதல் பாடம் சி.எஸ். 1, இரண்டாம் பாடம் சி.எஸ். 2 என்று பெயர் பெற்றன. அன்று முதல் இன்று வரை உலகின் பல பல்கலைக்கழகங்கள் இதே அடுக்கைத்தான் பின்பற்றுகின்றன.

முதல் பாடத்தில் மாணவன் கணினியிடம் பேசக் கற்கிறான். இரண்டு எண்களைக் கூட்டு, பெயரை அச்சிடு, பத்து முறை திரும்பச் செய் என்று கட்டளையிடுகிறான். இரண்டாம் பாடத்தில் கேள்வியே வேறு. கணக்கற்ற தகவல்களை எப்படி அடுக்கி வைத்தால் தேவைப்படும்போது உடனே எடுக்க முடியும்? எப்படி வைத்தால் புதியதைச் சேர்ப்பதும் பழையதை நீக்குவதும் எளிதாகும்? முதல் பாடம் மொழி, இரண்டாவது சிந்தனை. முதல் பாடத்தை மனப்பாடம் செய்தும் தேறலாம். இரண்டாவது பாடம் அதற்கு இடம் கொடுக்காது.

பேரேட்டில் இருக்கும் பாடம்

கணினி தெரியாத அத்தாவுக்கும் அம்மாவுக்கும் இது புரியாத விஷயம் அல்ல. கடை வைத்திருப்பவர்கள் இதை அன்றாடம் செய்கிறார்கள்.

ஒரு மஹல்லாவில் 1,000 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். சந்தா நோட்டில் பெயர்கள் வந்த வரிசையில் எழுதப்பட்டிருந்தால், ஒரு பெயரைத் தேட முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். அந்தப் பெயர் கடைசியில் இருந்தால் 1,000 பெயர்களையும் பார்த்தாக வேண்டும். அதே நோட்டு அகர வரிசையில் இருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் பெயர் முன்னாலா பின்னாலா என்று பார்த்து, பாதியை ஒதுக்கி, மீதியின் நடுவைத் திறக்கலாம். இப்படிப் போனால் அதிகபட்சம் 10 பெயர்களைப் பார்த்தால் போதும். 1 லட்சம் பெயர்கள் என்றால் 17. நாட்டு மக்கள் 140 கோடிப் பேரின் பட்டியல் என்றாலும் 31 தான். யாசீன் சூராவை ஓத முஸ்ஹஃபைத் திறப்பவர் அல்ஃபாத்திஹாவிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதில்லை. 36-ஆவது சூரா ஏறத்தாழ எங்கே இருக்கும் என்று கணித்துத் திறந்து, முன்னும் பின்னும் நகர்கிறார். தேடலின் அடிப்படை இவ்வளவுதான்.

சரி, அகர வரிசை நோட்டில் புதிதாக ஒரு குடும்பம் வந்து சேர்ந்தால்? நடுவில் எழுத இடம் இல்லை. கடைக்காரர் என்ன செய்கிறார்? ஒரு வாடிக்கையாளரின் பக்கம் நிறைந்துவிட்டால், அடியில் "தொடர்ச்சி 47-ஆம் பக்கம்" என்று எழுதிவிட்டு, காலியாக இருக்கும் 47-ஆம் பக்கத்தில் கணக்கைத் தொடர்கிறார். கல்லூரியில் லிங்க்டு லிஸ்ட் என்று சொல்வது இதைத்தான். "47-ஆம் பக்கம்" என்ற அந்தக் குறிப்புக்குப் பெயர் பாயிண்டர். அந்தக் குறிப்பை ஒருவர் தவறாக எழுதிவிட்டால் மீதிக் கணக்கு முழுவதும் தொலைந்துபோகும். சி மொழியில் நிரல் எழுதும் மாணவன் இரவெல்லாம் தேடும் பிழையும் பெரும்பாலும் இதுவே.

ரமளானில் நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு நிற்கும் வரிசை கியூ. முதலில் வந்தவருக்கு முதலில். வலீமா வீட்டில் கழுவி அடுக்கிய தட்டுகள் ஸ்டாக். கடைசியாக வைத்தது முதலில் கையில் வரும். பாட்டனார், மக்கள், பேரர்கள் என்று கிளை விரியும் குடும்ப வரலாறு ட்ரீ. ஊர்களும் அவற்றை இணைக்கும் சாலைகளும் கிராஃப். பாடத்திட்டத்தின் 5 அலகுகளில் வரும் முக்கியமான கருத்துகளில் பெரும்பகுதி இவைதான்.

இதில் நமக்கு ஒரு பழைய உறவும் உண்டு. அல்காரிதம் என்ற சொல்லே 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பதைப் பலரும் அறிவோம். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அவரது அல்ஜீப்ரா நூலின் பெரும்பகுதி வஸிய்யத் மற்றும் வாரிசுரிமைக் கணக்குகளைப் பற்றியது. ஒருவர் மௌத்தாகி, சொத்துப் பிரிக்கப்படும் முன்பே வாரிசுகளில் ஒருவரும் மௌத்தாகிவிட்டால், ஒரு கணக்குக்குள் இன்னொரு கணக்கைப் போட வேண்டும். ஃபராயிள் படித்த ஆலிம்கள் இதை முனாஸகா என்பார்கள். ஒரு கணக்கு முடிய அதே வகைக் கணக்கை உள்ளே மீண்டும் செய்வதைக் கணினி மாணவன் ரிகர்ஷன் என்ற பெயரில் படிக்கிறான். ஆனால் முன்னோர் பெருமை பேசுவதால் தேர்வில் தேற முடியாது. பெருமைக்குரிய வேலையை நம் பிள்ளைகளும் செய்ய வேண்டும்.

ஏன் இங்கே தடுக்குகிறது?

முதல் காரணம் மொழி மாற்றம். முதல் செமஸ்டரில் பைத்தான் பழகிய மாணவன் அடுத்த செமஸ்டரில் சி மொழிக்கு மாறுகிறான். பைத்தானில் தானாக நடந்த பல வேலைகளை சி மொழியில் அவனே செய்ய வேண்டும். ஒரு மொழி கைவருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

இரண்டாவது, பாடத்தின் அடுக்கு. சி மொழிப் பாடத்தில் பாயிண்டர் மூன்றாவது அலகு, ஸ்ட்ரக்சர் நான்காவது அலகு. செமஸ்டரின் பிற்பகுதியில், தேர்வு நெருங்கும் வேளையில், ஓட்டமும் நடையுமாக முடிக்கப்படும் பகுதிகள் இவை. மாணவர்களும் முதல் அலகுகளை நன்றாகப் படித்து மதிப்பெண் எடுத்துக்கொள்ளலாம் என்று இவற்றை மேலோட்டமாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் மூன்றாம் செமஸ்டரில் லிங்க்டு லிஸ்ட் தொடங்குவதே இந்த இரண்டின் மேல்தான். அஸ்திவாரம் போடாமல் விட்ட இடத்திலேயே சுவர் எழுப்பச் சொல்கிறது பாடத்திட்டம்.

மூன்றாவது, கருவி. கைப்பேசியில் காணொளி பார்க்கலாம். ஆனால் 200 வரி நிரலை எழுதி, ஓட்டி, பிழை தேடித் திருத்தும் பயிற்சி கைப்பேசியில் வராது. கல்லூரி ஆய்வகத்தில் வாரத்தில் சில மணி நேரம்தான் கிடைக்கும். வீட்டில் மடிக்கணினி உள்ள மாணவன் இரவில் பத்து முறை தவறு செய்து கற்கிறான். இல்லாதவன் ரெக்கார்டு நோட்டில் நிரலைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறான். இருவருக்கும் பாடமும் தேர்வும் ஒன்றே. திருச்சுழி தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்ற தங்கம் தென்னரசு நிதி அமைச்சராக இருந்து வாசித்த 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கையடக்கக் கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது இந்த இடைவெளியை உணர்ந்துதான்.

நான்காவது, கேட்பதற்கு ஆள் இல்லாமை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு, "இந்த இடத்தில் ஏன் தப்பு வருகிறது?" என்று கேட்க அண்ணனோ மாமாவோ இல்லை. தமிழ் வழியில் படித்து வந்தவனுக்கு வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் கேட்கவும் தயக்கம். புரியாதது அப்படியே நின்றுவிடுகிறது. அரியர் விழுந்தால் வீட்டில் சொல்லப் பயம். அரியர் விழாமல் மனப்பாடத்தில் தேறியவனின் நிலை இன்னும் மோசம். அவனுக்குப் பாடம் தெரியவில்லை என்பது மூன்றாம் ஆண்டு முடிவில் வேலைத் தேர்வு நடத்த நிறுவனங்கள் வரும்போதுதான் வெளியே தெரிகிறது.

இப்போது ஏன் இது அவசரம்?

முன்பு ஒரு மொழியில் சரளமாக நிரல் எழுதத் தெரிந்தாலே நுழைவு நிலை வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை மாறிவருகிறது. முதல் பாடத்தில் சொல்லித்தரும் அளவிலான நிரலை இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் எழுதித் தருகின்றன. எழுதித் தந்தது சரியா, லட்சம் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தாங்குமா, எந்தக் கட்டமைப்பை வைத்தால் வேகம் கூடும் என்று சொல்ல மனிதன் தேவை. அதற்கான அறிவு இரண்டாம் பாடத்தில் தொடங்குகிறது. முதல் பாடத்தின் சந்தை மதிப்பு குறையக் குறைய இரண்டாம் பாடத்தின் மதிப்பு ஏறுகிறது.

மேற்படிப்புக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றின் வேலைக்கும் வழியாக இருக்கும் கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் 'நிரலாக்கமும் தரவுக் கட்டமைப்புகளும்' என்றே ஒரு தனிப் பகுதி உண்டு. மென்பொருள் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகளிலும் கேள்விகள் பெரும்பாலும் இங்கிருந்தே வருகின்றன. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் இயங்குவதைப் பார்க்கிறோம். மென்பொருள் வேலை என்றால் சென்னை, பெங்களூரு என்ற காலம் மெல்ல மாறுகிறது. ஜவுளிப் பூங்கா போன்ற இடங்களிலும் நூல் இருப்பு, ஆர்டர் வரிசை, இயந்திரப் பராமரிப்பு, ஏற்றுமதி ஆவணம் எல்லாவற்றையும் கணினியே நடத்தும். அதை வாங்கி இயக்குபவராக மட்டும் இருப்பதா, அமைப்பவராகவும் இருப்பதா என்பதை நம் பிள்ளைகளின் இரண்டாம் ஆண்டு பெரிதும் தீர்மானிக்கும்.

கல்லூரிக்கு வெளியே திறந்திருக்கும் கதவுகள்

கல்லூரியில் ஒரு முறை கோட்டைவிட்ட பாடத்தை இரண்டாவது முறை முறையாகப் படிக்க இன்று வழிகள் உண்டு. பி.காம்., பி.ஏ. படிக்கும் பிள்ளைகளும் இவற்றில் நுழையலாம்.

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புகளில், சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் 'பைத்தான் வழியாக நிரலாக்கம், தரவுக் கட்டமைப்புகள், அல்காரிதங்கள்' என்ற 8 வாரப் பாடம் இருக்கிறது. பாடத்தைப் படிக்கவும் வாராந்திரப் பயிற்சிகளைச் செய்யவும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். சி மொழியின் பாயிண்டரில் திணறும் மாணவன், இதே கருத்துகளைப் பைத்தானில் முதலில் புரிந்துகொண்டு பிறகு சி மொழிக்குத் திரும்பினால் பாதிப் பாரம் குறையும்.

இரண்டாவது வழி, சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய பி.எஸ். தரவு அறிவியல் படிப்பு. இதற்கு ஜே.இ.இ. தேவையில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும், 10-ஆம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடத்துக்குப் பிறகு நடக்கும் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வயது வரம்பு இல்லை. அடித்தள நிலையில் 8 பாடங்கள். அதில் பைத்தான் உண்டு. அடுத்த டிப்ளமா நிலையில் தரவுக் கட்டமைப்பு. இடையில் நிறுத்த நேர்ந்தாலும் முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழ் கிடைக்கும். கட்டணம் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துச் சலுகையும் உண்டு.

ஏற்கெனவே கல்லூரியில் படித்துக்கொண்டே இதில் சேர முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஒரே காலத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைத் தொடரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நேரடி வகுப்பில் ஒன்று, இணைய வழியிலோ தொலைநிலையிலோ மற்றொன்று என்று படிக்கலாம். ஆனாலும் சேரும் முன் இரு நிறுவனங்களின் விதிகளையும் ஒரு முறை கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

பெண் பிள்ளைகளுக்கு இது குறிப்பாகப் பயன்படும். தூரத்துக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், பக்கத்து ஊர்க் கல்லூரியில் கிடைத்த பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். நிக்காஹ் முடிந்து படிப்பை நிறுத்திய பெண்களும் நம்மிடையே உண்டு. வகுப்பு வீட்டில், தேர்வுக்கு மட்டும் மஹ்ரமோடு நகரத்துக்குப் பயணம் என்ற ஏற்பாடு அவர்களுக்கு மீண்டும் ஒரு வாசலைத் திறக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பொறியியல் பட்டத்தை அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ வழங்க அனுமதி இல்லை. அப்படித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். "ஆறே மாதத்தில் வேலை உறுதி" என்று பெருந்தொகை கேட்கும் பயிற்சி மையங்களிடம், இரண்டாம் பாடத்தை யார், எத்தனை மணி நேரம் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். இணையவழி, தொலைநிலைப் படிப்புகளுக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இலவசமாகவும் தரமாகவும் கிடைப்பதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது முறை படிப்பது இழுக்கல்ல

ஒரு பாடத்தை இரண்டாவது முறை படிப்பதை நம் வீடுகளில் தோல்வியாகப் பார்க்கிறோம். ஆனால் நம் மதரஸாக்களின் வழக்கம் அப்படி இல்லை. ஹிஃப்ளு செய்யும் மாணவன் புதிய சபக்கை ஒப்பிக்கும் அதே நாளில் பழைய பாடத்தையும் ஒப்பிக்க வேண்டும். 30 ஜுஸ்வும் முடித்து ஹாஃபிழ் என்ற பட்டம் வாங்கிய பிறகும் ஆயுள் முழுக்க ஓதிக்கொண்டே இருக்கிறார். விட்டால் மறந்துவிடும் என்பது உஸ்தாதுக்கும் தெரியும், மாணவனுக்கும் தெரியும். அங்கே திரும்ப ஓதுவதை யாரும் இழுக்கு என்று நினைப்பதில்லை.

ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. ஹிஃப்ளில் மனனமே குறிக்கோள். தரவுக் கட்டமைப்பில் மனனம் காப்பாற்றாது. நிரலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் எந்தப் பெட்டியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பேனாவால் வரைந்து பார்த்துப் படிக்க வேண்டும். மதரஸாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒழுங்கை. தினமும் ஒரு நேரம், கேட்பதற்கு ஓர் உஸ்தாத், பழையதை விடாமை.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

நம் சமுதாயம் கல்விக்குக் கொடுத்தது குறைவல்ல. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி 1951-இல் தொடங்கியது. கீழக்கரை முஹம்மது சதக் பொறியியல் கல்லூரி 1984-இலும், இதே விருதுநகர் மாவட்டத்தில் காரியாபட்டி அருகே புல்லூரில் சேது தொழில்நுட்பக் கல்லூரி 1995-இலும் நம்மவர்களின் முயற்சியால் எழுந்தன. கட்டடம் கட்டும் கடமையை ஒரு தலைமுறை செய்துவிட்டது. உள்ளே நுழைந்தவர்களைத் தேற்றிக் கரைசேர்ப்பது இந்தத் தலைமுறையின் வேலை. அதற்குக் கோடிகள் தேவையில்லை.

ஒன்று, உதவித்தொகையை இரண்டாகப் பிரியுங்கள். சேர்க்கையின்போது ஒரு பகுதி, மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போது ஒரு பகுதி. இரண்டாவது பகுதியைக் கருவிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கலாம். இதை ஜகாத் நிதியிலிருந்து செய்யலாமா, பைத்துல்மாலின் பொது நிதியிலிருந்தா என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு, மஹல்லாவுக்குச் சில மடிக்கணினிகள். சொந்தமாகக் கொடுக்காமல், ஒரு செமஸ்டருக்கு இரவல். படித்து முடித்தவர்கள் பயன்படுத்திய கணினியைப் பைத்துல்மாலுக்குக் கொடுக்கலாம். நிரல் பழக விலை உயர்ந்த புதிய கணினி தேவையில்லை. பழைய கணினியே போதும்.

மூன்று, வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் மதரஸா மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். ஊரில் மூன்றாம், நான்காம் ஆண்டு படிக்கும் மாணவர்கள் இளையவர்களுக்கு லிங்க்டு லிஸ்ட்டும் ட்ரீயும் தமிழில் சொல்லித்தரட்டும். சொல்லித்தருபவருக்கும் அதனால் பாடம் உறுதிப்படும். மாணவிகளுக்கு வேறு நேரம் ஒதுக்கி, மூத்த மாணவிகளையே பொறுப்பாக்கலாம். சென்னையிலும் துபாயிலும் மென்பொருள் துறையில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் மாதம் ஒரு முறை காணொளி வழியே சந்தேகம் தீர்க்கலாம்.

நான்கு, வீட்டில் கேள்வியை மாற்றுங்கள். "எத்தனை மார்க்?" என்பதை விட்டு, "இந்த வாரம் என்ன கட்டமைப்பு படித்தாய்? நம் கடை நோட்டை வைத்து விளக்கு" என்று கேளுங்கள். பேரேட்டை வைத்து விளக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது. விளக்க முடியாமல் விழித்தால் கோபப்படாதீர்கள். உதவி தேவைப்படும் இடம் அதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எதை எண்ணுகிறோம்?

உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வின்படி, 2019-20-இல் 21 லட்சமாக இருந்த முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை 2020-21-இல் 19.21 லட்சமாகக் குறைந்தது. மறு ஆண்டு மீண்டும் 21 லட்சத்தைத் தாண்டியது. 2006-இல் சச்சார் குழு அறிக்கை வந்தது முதல் நாம் இந்த எண்களைப் பேசிவருகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் இவை யாவும் உள்ளே நுழைந்தவர்களின் எண்கள். நுழைந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது பாடத்தைப் புரிந்து தாண்டினார்கள் என்பதை எந்த அரசும் நமக்காக எண்ணித் தராது. அதை எண்ணக்கூடியவர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கும் நாம்தான்.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் ஒரு சிறிய பட்டியல் தயாரியுங்கள். நம் ஊரில் கணினிப் பிரிவுகளில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் யார் யார்? யாரிடம் கணினி இல்லை? யாருக்கு எந்தப் பாடம் புரியவில்லை? ஒரு தாள் போதும். பெரும்பாலான ஊர்களில் பத்து, பதினைந்து பெயர்களுக்கு மேல் இராது.

நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் வஹீ ஓதுமாறு பணித்தது. எழுதுகோலைக் கொண்டு கற்பித்தவன் இறைவன் என்றும் அங்கேயே நினைவூட்டப்பட்டது. அந்த உம்மத்தின் பிள்ளைகள் கல்லூரி வாசல் வரை வந்து, இரண்டாவது படியில் கை கொடுக்க ஆள் இல்லாமல் நின்றுவிடக் கூடாது. குமாரலிங்கபுரத்தின் பூங்கா தன் வேகத்தில் எழட்டும். அதற்குள் நம் ஊர் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனாவது "தொடர்ச்சி 47-ஆம் பக்கம்" என்பதன் பொருளைக் கணினித் திரையில் தானே எழுதிக் காட்டட்டும். இன்ஷா அல்லாஹ், அவன் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பான்.